முளைச்சாறும் ஆய்வுகூடச் சான்றும்

உணவே மருந்து என்னும் நம்பிக்கை பழமையானது. அதனை அளந்தறியும் முயற்சியோ அண்மைக்காலத்தது. 1992இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் போல் தலலே குழுவினர் புரொக்கோலியிலிருந்து சல்பரபேன் என்னும் சேர்வையைப் பிரித்தெடுத்தனர். புற்றுநோய்க் காரணிகளின் நச்சுத்தன்மையை நீக்கும் நொதியங்களை அது வளர்ப்புக் கலங்களில் தூண்டிற்று. மூன்று நாள் வயதுடைய முளைகளில் அதன் மூலப்பொருள் முதிர்ந்த செடியிலும் 10 முதல் 100 மடங்கு மிகுதியென்பது 1997இல் வெளியாயிற்று. அம்முளைச்சாறு, புற்றுநோய்க் காரணி ஊட்டப்பட்ட எலிகளில் மார்புக் கட்டிகளைக் குறைத்தது.

ஆயின், எலிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்துமா? ஈரற் புற்றுநோய் மலிந்த சீனத்துச் சிடொங் பகுதியில் 200 பேரிடம் அவ்வினா சோதிக்கப்பட்டது. ஒரு பாதியினர் முளைக்கஷாயமும் மறுபாதியினர் போலிப்பானமும் அருந்தினர். 2005இல் வெளியான முடிவின்படி, அப்லாடொக்சின் என்னும் பூஞ்சண நஞ்சு விளைத்த சேதத்தின் அடையாளம் இரு குழுக்களிலும் குறிப்பிடத்தக்க அளவு வேறுபடவில்லை. ஒரே கஷாயத்தை ஒவ்வோர் உடலும் வெவ்வேறளவில் ஏற்றமையே புலனாயிற்று. 291 பேர் பங்குகொண்ட பிறிதோர் ஆய்வில், காற்று மாசான பென்சீனின் கழிவு சிறுநீரில் 61 சதவீதம் மிகுந்தமை 2014இல் அறிவிக்கப்பட்டது.

நஞ்சு வெளியேறுதல் வேறு, நோய் தவிர்தல் வேறு. முன்னதற்கே சான்றுண்டு, பின்னது மனிதரில் இன்னும் நிறுவப்படவில்லை. இவ்வேறுபாட்டை மறைக்காது பதிவுசெய்தமையே இவ்வாய்வுகளின் பெறுமதியாகும்.