ஷார்ஜா: மணலுக்கு நடுவே ஒரு மைதானம்

ஷார்ஜாவில் வேலை என்று சொன்னால் ஊரில் முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் கேட்கும் முதல் கேள்வி சம்பளம் பற்றியது அல்ல. "ஸ்டேடியம் பக்கமா இருக்கே?" என்பதுதான். :-)

நியாயமான கேள்விதான். ஆட்டக்காரர்கள் அவ்வளவாக இல்லாத ஒரு பாலைவன ஊர் எப்படி கிரிக்கெட் ஊர் ஆனது? காரணம் அப்துல் ரஹ்மான் புகாதிர் என்ற ஷார்ஜா தொழிலதிபர். கராச்சியில் படித்தபோது பிடித்துக்கொண்ட பைத்தியம். 1981ல் கவாஸ்கர் அணி, மியான்டட் அணி என்று இரண்டு அணிகளை வரவழைத்து ஆட வைத்தார். ஓய்வு பெற்ற இந்திய, பாகிஸ்தான் வீரர்களுக்குப் பண முடிப்பு கொடுப்பது நோக்கம். அன்றைக்கு கிரிக்கெட்டர்களுக்கு இன்றைய வருமானம் கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. 1984 ஏப்ரலில் முதல் ஆசியக் கோப்பையே இங்கேதான் நடந்தது. கவாஸ்கர் தலைமையில் இந்தியா ஜெயித்தது.

அப்புறம் 1985. இந்தியா 125க்கு ஆல் அவுட், இம்ரானுக்கு 6 விக்கெட். சரி, போச்சு என்று நினைத்தால் பாகிஸ்தான் 87ல் சுருண்டது! 1986ல் நம்ம ஸ்ரீகாந்த் 75, கவாஸ்கர் 92 அடித்தும், கடைசிப் பந்தில் மியான்டட் அடித்த சிக்ஸர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அது இருக்கட்டும், விடுங்கள்.

1998 ஏப்ரல் 22 மட்டும் கொஞ்சம் விரிவாக. மணற்புயல் வந்து ஆட்டம் நின்றது. இலக்கு 46 ஓவரில் 276 என்று மாறியது. ஆனால் நியூசிலாந்தை முந்தி இறுதிப் போட்டிக்குப் போக 237 போதும். சத்தியவேட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கணக்கு கடைசி வரை புரியவில்லை. டெண்டுல்கர் 143. மேட்ச் தோற்றது, ஆனாலும் தெருவில் கைதட்டல்! இரண்டு நாள் கழித்து, தன் 25வது பிறந்தநாளில், 134 அடித்து கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார்.

இந்தப் புகழுக்குப் பாதிச் சொந்தக்காரர்கள் கேலரியில் இருந்தவர்கள். கட்டட வேலை, டாக்ஸி, கடை, ஆபீஸ் என்று பிழைக்க வந்த இந்தியர்கள், பாகிஸ்தானியர்கள், இலங்கைக்காரர்கள். ஒரே ஊரில் குடியிருந்துகொண்டு எதிரெதிர்க் கொடி பிடித்தவர்கள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தபோது எங்கள் சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. 2022ல் சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, நாங்களும் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். எந்தப் பக்கம் என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

2000 அக்டோபரில் கண்டிக்காரர் முரளிதரன் இங்கே இந்தியாவுக்கு எதிராக 30 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். தமிழராய் சந்தோஷப்படுவதா, இந்தியராய் வருத்தப்படுவதா? இரண்டு நாள் கழித்து ஜெயசூர்யா 189 அடிக்க, இந்தியா 54ல் ஆல் அவுட். யோசிக்கவே நேரம் இல்லை.

அதோடு முடிந்தது. சூதாட்ட விவகாரம் வெடித்தபின் 2001ல் இந்திய அரசு இந்திய அணி இங்கே ஆடத் தடை போட்டது. எந்த மேட்ச் எப்படி நடந்தது என்ற சந்தேகம் வந்தபின் தடை தவிர்க்க முடியாதது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் வெயிலில் வேலை பார்த்து டிக்கெட் வாங்கியவன் எந்தத் தப்பும் செய்யவில்லையே.

2010ல் சொந்த நாட்டில் ஆட முடியாத ஆப்கானிஸ்தான் இதைத் தன் வீடாக்கிக்கொண்டது. 2014, 2020, 2021ல் ஐபிஎல் வந்தது. 2020ல் கொரோனாவால் கேலரி காலி. ராஜஸ்தானின் திவாட்டியா ஒரே ஓவரில் ஐந்து சிக்ஸர் அடித்தபோது, சில கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு நான் அதையும் டிவியில்தான் பார்த்தேன்.

விடுமுறை நாள் காலையில் காலி மனைகளைப் பாருங்கள். கல்லை ஸ்டம்பாக வைத்து, டேப் சுற்றிய டென்னிஸ் பந்தில் ஆட்டம் நடக்கும். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும்.