மணற்காடு: பாலைவனம் அல்ல, தண்ணீர்க் களஞ்சியம்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் சுவிஸ் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய இடங்களில் வடமராட்சியின் மணற்காடும் ஒன்று. பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்கே சுமார் 10 கிலோமீற்றர் தூரம். வழியில் வல்லிபுர ஆழ்வார் கோவில் இருக்கிறது. அங்கே மூலத்தானத்தில் சக்கரமே தெய்வம். புரட்டாதித் திருவிழாவில் சுவாமி மணல்வெளியைக் கடந்து கடலில் தீர்த்தமாடுவார்.

குடத்தனைப் பக்கமாகத் திரும்பினால் மணல்மேடுகளும் சவுக்கங்காடும் வரும். மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களையும் அங்கே பார்க்கலாம். இன்னும் தெற்கே போனால், 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளம் பறவைகளுக்குப் பெயர்பெற்றது. ஆடி, ஆவணியில் வெயிலும் சோளகக் காற்றும் கடுமை. காலையில் அல்லது மாலையில் போவதே நல்லது.

மணற்காட்டைப் பலர் "குட்டிப் பாலைவனம்" என்கிறார்கள். உண்மையில் அது பாலைவனம் அல்ல. சுவிசில் வறண்ட பகுதியான வலே மாநிலத்தின் சியோன் நகரில் ஆண்டுக்கு 600 மில்லிமீற்றர் அளவில்தான் மழை பெய்கிறது. யாழ் குடாநாட்டிலோ 1000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மாரி மழையை மணல் உறிஞ்சி உள்ளே வைத்திருக்கிறது. அந்த நன்னீர், கனமான உவர்நீருக்கு மேலே மிதக்கிறது.

இதற்கு நீரியலில் ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி போய்விடும். மணல்மேட்டை வெட்டி அள்ளும்போது இந்த இருப்புத்தான் கரைகிறது. பிறகு கிணறு உவராகும். கடல் பொங்கினால் தடுக்க மேடும் இராது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்தக் கரையோரம் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

வடமராட்சி கிழக்கில் சட்டவிரோத மணல் அகழ்வு பற்றி மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். அந்த மணலை வாங்குவது யார்? ஊரில் எழும் வீடுகளுக்கும் மதில்களுக்கும் நாம் அனுப்பும் பிராங்கும் போகிறது. இலங்கையில் மணல் அகழ, 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஊரில் வீடு கட்டுவிப்பவர்கள் மேசனாரிடம் மணலின் விலையோடு, அது எங்கிருந்து வருகிறது, அனுமதிப்பத்திரம் உண்டா என்றும் கேட்கவேண்டும்.

மணலைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடி. அது திரண்டால் மிடுக்கு என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே காட்டிச் சொல்லலாம்.