வாடகை நிலையமும் வணிக மூலதனமும்

வாடகை நிலையத்தைத் தம் தொழிலுக்கேற்ப மாற்றியமைக்கும் குத்தகையாளரின் முதலீடு ஈற்றில் யாருக்குரியது? நிலத்தோடு பொருத்தப்பட்டது நிலவுடைமையாளருக்கே என்பது இங்கிலாந்தின் பழைய சட்டநெறி. 1703இல், சவர்க்காரம் காய்ச்சும் குத்தகையாளர் தாம் நிறுவிய தொட்டிகளைத் தவணைக்குள் அகற்றலாம் எனப் பிரதம நீதியரசர் ஹோல்ட் கருதினார். வீட்டை நிறைவாக்கும் கணப்படுப்புகளுக்கு அவ்வுரிமையை வழங்கவில்லை. 1802இல், தம் செலவில் மாட்டுத்தொழுவம் கட்டிய கமக்காரருக்கு அதே சலுகை மறுக்கப்பட்டது. 1851ஆம் ஆண்டுச் சட்டம் கமக்காரருக்கு வழிவிட்டபோதும், நிலவுடைமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தை நிபந்தனையாக்கியது.

இவ்வேறுபாட்டை நீதிபதிகளின் மனப்போக்கால் மட்டும் விளக்குதல் போதாது. தொழில் மூலதனம் தன் தேவையைச் சட்டமாக்கும் வலிமை பெற்றிருந்தது. வயலிலோ நிலவாடகையின் ஆதிக்கமே நீடித்தது. குத்தகையாளர் நிலத்தில் இட்ட மூலதனம் தவணை முடிவில் உடைமையாளரைச் சேர்வதை மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் சுட்டுகிறார். எனவே, கடையொன்றின் புதிய உள்ளமைப்பை நோக்குங்கால், அமைத்தவர் எவர், எஞ்சுவது எவருக்கு என நாம் வினவுதல் வேண்டும்.