பசறை மலையும் ஐந்து கிலோமீற்றர் செப்புக் கம்பியும்: வேகம் குறைந்த வீட்டு இணையத்தை என்ன செய்யலாம்?

"சித்தி, 93 பெர்சன்ட்ல நிக்குது. மறுபடி முதல்ல இருந்து போகுமா?"

அக்காவின் மகள் பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்துக்கான ஆவணங்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். கடைசித் திகதிக்கு இரண்டு நாட்களே இருந்தன. வெளியே மழை. 93 வீதத்தில் நின்ற கோடு அப்படியே அணைந்தது, ரவுட்டரில் இருந்த பச்சை விளக்கும் சேர்ந்து அணைந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவளைப் பதுளைக்குக் கூட்டிப்போய் ஒரு தொடர்பாடல் நிலையத்தில் அனுப்பிவைத்தோம். மூன்று நிமிட வேலைக்கு அரை நாளும் பஸ் காசும் போயிற்று.

அக்கா தோட்டப் பாடசாலை ஆசிரியை. பசறைக்கும் நமுனுகுலைக்கும் இடையில், தோட்ட வீதியோரத்தில் வீடு. அங்கே கைத்தொலைபேசிக்கு சிக்னல் இல்லை. கிணற்றடி மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு வரும். வீட்டுக்குள் இருப்பது தரைவழித் தொலைபேசியும் அதே கம்பியில் வரும் இணையமும்தான். அன்றிரவு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, கீழிறங்கும் வேகம் வினாடிக்கு 900 கிலோபிட், மேலேறும் வேகம் 180 கிலோபிட் என்று இருந்தது. அந்த விடுமுறையில் நான்கு நாட்களை இந்தக் கம்பியோடு செலவழித்தேன். நான் பொறியியலாளர் அல்ல, ஊடகக் கற்கைப் பட்டதாரி. ஆனால் இதில் பாதிக்கு மேல் வீட்டில் இருப்பவர்களே செய்யக்கூடிய வேலை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதலில் கம்பி எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பெருந்தோட்டங்களுக்குத் தொலைபேசி போனது துரையின் பங்களாவுக்கும் தோட்ட ஆபீசுக்கும்தான், லயன்களுக்கு அல்ல. 2005 இல் கம்பியில்லாத சிடிஎம்ஏ தொலைபேசிகள் வந்த பிறகுதான் பல லயன் வீடுகளில் முதன்முதலாக ஒரு போன் மணி அடித்தது. அக்கா வீட்டுக்கு வருவது அந்தப் பழைய ஆபீஸ் பாதையில் கம்பம் கம்பமாகத் தொங்கிவரும் கம்பியின் ஒரு சோடி. வளைவுகளைச் சுற்றி, தேயிலைக்கு நடுவே, கருப்பந்தேயிலை மரங்களை உரசிக்கொண்டு வருகிறது. பறவை பறக்கும் தூரம் இரண்டு கிலோமீற்றர் என்றாலும் கம்பியின் தூரம் ஐந்து இருக்கலாம். மலைநாட்டில் இணையத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது தூரம்தான்.

ஏன்? குரல் போவதற்கு நான்கு கிலோஹேர்ட்ஸ் போதும். தொலைபேசிக் கம்பியில் இணையம் கொடுக்கும் ஏடிஎஸ்எல் முறை அதற்கு மேலே சுமார் 25 கிலோஹேர்ட்ஸ் தொடங்கி 1.1 மெகாஹேர்ட்ஸ் வரையும், ஏடிஎஸ்எல்2 பிளஸ் 2.2 மெகாஹேர்ட்ஸ் வரையும் பாவிக்கிறது. அலைவரிசை உயர உயர, செப்புக் கம்பி சமிக்ஞையைக் கூடுதலாக விழுங்கும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்கு 20 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும். மூன்று கிலோமீற்றரில் எட்டு கிடைத்தால் நல்லது. ஐந்தில் ஒன்றோ இரண்டோதான், ஆறைத் தாண்டினால் பெரும்பாலும் இணைப்பே நிற்காது. விளம்பரத்தில் போடும் "24 மெகாபிட் வரை" என்பதில் அந்த "வரை"தான் முக்கியமான சொல்.

ரவுட்டரைக் கணினியுடன் இணைத்து, 192.168.1.1 என்று முகவரிப் பட்டையில் அடித்தால் பெரும்பாலான ரவுட்டர்களின் பக்கம் திறக்கும். கடவுச்சொல் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே டிஎஸ்எல் நிலவரம் என்ற பகுதியில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, இணைப்பு வேகம். உண்மையில் கிடைப்பது இதைவிட ஏறக்குறைய 15 வீதம் குறைவாக இருக்கும், பொதிகளின் மேலுறைக்கு அவ்வளவு போய்விடும். இரண்டாவது, இழப்பு, அதாவது அட்டெனுவேஷன். எங்களுக்கு அது 58 டெசிபெல் காட்டியது. எக்ஸ்சேஞ்சிலிருந்து புறப்பட்ட சக்தியில் ஆறு இலட்சத்தில் ஒரு பங்குதான் வீட்டுக்கு வந்து சேர்கிறது என்று அர்த்தம். இதை நாம் மாற்ற முடியாது. மூன்றாவது எண்தான் நமது கைக்குள் இருப்பது: சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் இடையிலுள்ள விளிம்பு, எஸ்என்ஆர் மார்ஜின். ஆறு டெசிபெல் அளவில் இருந்தால் இணைப்பு நிற்கும். மூன்றுக்குக் கீழே போனால் அறுந்து அறுந்து வரும். எங்களுக்கு இருந்தது 2.5.

ஆக, கம்பியின் நீளத்தோடு சண்டை பிடிக்காமல் இரைச்சலைத் தேடிப் போனேன்.

முதல் குற்றவாளி நாங்களேதான். அத்தான் பத்து வருடத்துக்கு முன்பு முன்னறையிலிருந்து படுக்கையறைக்கும், அங்கிருந்து குசினிக்கும் தொலைபேசி வயர் இழுத்திருந்தார். தட்டையான, முறுக்கில்லாத வயர். குசினியில் இப்போது போனே இல்லை, சுவரில் வெறும் சொக்கெட் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கியது. இப்படி எங்கும் முடியாமல் தொங்கும் கிளை இரண்டு கெடுதல் செய்யும். சமிக்ஞையின் ஒரு பகுதி அதற்குள் ஓடி, முட்டித் திரும்பி, அசலோடு மோதும். அதோடு அது ஒரு அன்டெனா போலச் சுற்றியுள்ள மின் இரைச்சலையெல்லாம் இழுத்துக் கம்பிக்குள் விடும். இரண்டு இழைகளையும் முறுக்கி வைப்பதே அந்த இரைச்சல் ஒன்றையொன்று ரத்துச் செய்வதற்குத்தான்.

சோதிக்கும் முறை எளிது. வீட்டுக்குள் கம்பி நுழையும் முதல் பெட்டியில் மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ரவுட்டரை மட்டும் நேராகச் செருகி, பத்து நிமிடம் விட்டு எண்களைப் பாருங்கள். எங்களுக்கு விளிம்பு 2.5 இலிருந்து ஏறக்குறைய ஆறுக்கு ஏறியது. ஒரு சதமும் செலவில்லை. அத்தான் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

ரவுட்டர் இனி அந்த முதல் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கணினி தூரத்தில் இருந்தால் நீட்ட வேண்டியது தொலைபேசி வயரை அல்ல, வலைப்பின்னல் கேபிளை. அது நூறு மீற்றர் வரை வேகம் குறையாமல் போகும். போனும் வேண்டும் என்றால், ஒவ்வொரு போனுக்கும் முன்னால் ஃபில்டர் இருக்க வேண்டும். மணி அடிக்கும்போது இணையம் விழுந்தால் ஃபில்டரைச் சந்தேகியுங்கள், அதற்கு அடுத்ததாக வெளியே எங்கோ துருப்பிடித்த இணைப்பை.

இரண்டாவது குற்றவாளியைக் கண்டுபிடித்தது அப்பாவின் பழைய ரேடியோ. மீடியம் அலைவரிசையும் ஏடிஎஸ்எல் பாவிக்கும் அலைவரிசையும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஆகவே ரேடியோவை மீடியம் வேவில், நிலையம் ஏதும் இல்லாத இடத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, வீட்டுக்குள் நடந்தால் இரைச்சல் கிளம்பும் இடம் தெரியும். டிஷ் டிவி பெட்டியின் மலிவான மாற்று அடப்டருக்குப் பக்கத்தில் ரேடியோ குளவிக்கூடு போல் இரைந்தது. அடப்டரைக் கழற்றினால் அமைதி. ரவுட்டரும் அதுவும் ஒரே நீட்டிப் பலகையில் செருகப்பட்டிருந்தன. சில எல்இடி பல்புகளும் இதே வேலையைச் செய்யும்.

இரவில் ஏன் கூடுதலாக அறுகிறது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. சூரியன் மறைந்ததும் வளிமண்டலத்தின் மேலடுக்கு மாறி, தூரத்து மீடியம் வேவ் நிலையங்கள் நெடுந்தூரம் வந்து சேர்கின்றன. நீண்டு தொங்கும் கம்பி அவற்றையும் பிடிக்கும். பகலில் ரவுட்டரை மீள இயக்கினால் கூடிய வேகத்தில் இணையும், ஆனால் இரவில் விளிம்பு கரைந்து விழும். இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒருமுறை மீள இயக்கினால், சற்றுக் குறைந்த வேகத்தில் இணைந்து காலைவரை நிற்கும். வகுப்புக் கேட்கும் பிள்ளைக்கு அறாத ஒரு மெகாபிட், அறுந்து அறுந்து வரும் இரண்டைவிட மேல். மிக நீண்ட கம்பிகளில் ஏடிஎஸ்எல்2 பிளஸுக்குப் பதிலாகச் சாதாரண ஏடிஎஸ்எல்2 முறைக்கு ரவுட்டரை மாற்றிப் பார்ப்பதும் சிலவேளை உதவும். மேல் அலைவரிசைகள் எப்படியும் அந்தத் தூரத்தைத் தாண்டி வருவதில்லை.

வீட்டுக்கு வெளியே உள்ளதை நாம் தொடக்கூடாது, தொடவும் முடியாது. ஆனால் முறைப்பாட்டை எப்படிச் சொல்வது என்பது முக்கியம். "இன்டர்நெட் ஸ்லோ" என்றால் நூறு காரணம் இருக்கும். போனை எடுத்து ஒரு இலக்கத்தை அழுத்தி, மறுமுனை அமைதியாக இருக்கும்போது காதைக் கொடுங்கள். கரகரப்பு, மழை பெய்வது போன்ற சத்தம் இருந்தால் அது குரல் பழுது. அப்படியே சொல்லுங்கள். எந்த நேரம், மழையிலா வெயிலிலா, எண்கள் எத்தனை என்று ஒரு கொப்பியில் ஒரு வாரம் எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

அக்கா அப்படித்தான் சொன்னார். ஆறாம் நாள் ஒரு இளைஞர் ஏணியோடு வந்தார். கொப்பியைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது இருந்தா எங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சிரும்" என்றார். மூன்றாவது வளைவில், மரக்கிளை உரசிய இடத்தில் இணைப்புப் பெட்டியின் மூடி உடைந்து, உள்ளே தண்ணீரும் பச்சைப்பிடித்த செம்பும் எறும்புக்கூடும். வெட்டி, புதிதாக இணைத்து, ஜெல் நிரப்பிய இணைப்பி போட்டார். "கிளைய வெட்டலன்னா அடுத்த மழைக்கும் நான் வரணும் டீச்சர்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். கிளை தோட்டத்துக்குச் சொந்தம். அதற்கு ஆபீசில் கடிதம் கொடுக்க வேண்டும்.

இப்போதைய எண்கள்: விளிம்பு ஒன்பது, கீழிறங்கும் வேகம் 2,300 கிலோபிட், மேலேறுவது 500க்குக் கிட்ட. இழப்பு அதே 58.

இதில் மேலேறும் வேகத்தைப் பற்றி ஒரு சொல். யாரும் இதைக் கவனிப்பதில்லை. வீட்டிலுள்ள மூன்று கைத்தொலைபேசிகளும் வைஃபையைக் கண்டவுடன் புகைப்படங்களையும் வட்ஸ்அப் சேமிப்பையும் மேலே அனுப்பத் தொடங்கும். அந்த ஒடுங்கிய பாதை அடைபட்டால், கீழிறங்குவதும் நிற்கும். ஏனென்றால் ஒவ்வொரு பொதியும் கிடைத்ததாக மேலே தகவல் போக வேண்டும். தானியங்கிச் சேமிப்பை நிறுத்தியதே எங்கள் வீட்டில் அடப்டரை மாற்றியதைவிடக் கூடிய பலன் தந்தது. சூமில் கமராவை அணைத்துக் குரலை மட்டும் வைத்தால் நூறு கிலோபிட்டுக்குள் முடியும்.

மின்னலையும் மறக்காதீர்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி இந்தப் பக்கம் சாதாரணம். மின் செருகியை மட்டும் கழற்றுவது போதாது. மலைமுழுக்க ஓடிவரும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். ரவுட்டர்கள் பெரும்பாலும் எரிவது அந்த வழியால்தான்.

இவ்வளவும் கம்பி இருக்கும் வீட்டுக்கு. கம்பியே இல்லாத லயன்களுக்கு?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தக் கேள்வி முழு நாட்டுக்கும் தெரிந்தது. 2021 இல் லுணுகலையில் காட்டுக்குள் மலையுச்சி மரத்தில் கட்டிய குடிலுக்குப் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றதை ஏபி செய்தி நிறுவனம் உலகத்துக்குக் காட்டியது. கம்பி எட்டாத இடத்தில் 4ஜி ரவுட்டர்தான் நடைமுறை வழி. கோபுரத்தை நேராகப் பார்க்கும் பக்கத்தில், கூரைக்கு மேலே திசை அன்டெனா வைத்தால் ஒரு கோடு மூன்றாகலாம். அன்டெனாவிலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிள் நீளமாக இருந்தால் கிடைத்த சிக்னல் அதற்குள்ளேயே தீர்ந்துவிடும், ஆகவே ரவுட்டரை மேலே கொண்டுபோய் வலைப்பின்னல் கேபிளைக் கீழே இறக்குங்கள். ஆனால் பள்ளத்தாக்கின் தவறான பக்கத்தில் லயன் இருந்தால் எந்த அன்டெனாவும் மலையைத் துளைக்காது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்தது. வானம் தெரிந்தால் போதும். ஆனால் அப்போது மாதக் கட்டணமே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் இருந்தது, தட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. 2024 இல் சம்பள நிர்ணய சபை தீர்மானித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் இதே பிரச்சினை இருந்த கிராமங்கள், 2011 இல் பிராட்பேண்ட் ஃபோர் த ரூரல் நோர்த் என்ற சமூக நிறுவனத்தைத் தொடங்கி, தாங்களே மண்வெட்டி எடுத்துக் கால்வாய் வெட்டி ஃபைபர் போட்டுக்கொண்டார்கள். விவசாயிகள் தங்கள் வயல்களுக்குள் வழி விட்டார்கள். இதை அக்காவிடம் சொன்னேன். "வெட்டுறதுக்கு ஆள் இருக்கு. மண்ணு யாருது?" என்றார். 2018 இல் சட்டம் திருத்தப்படும் வரை பிரதேச சபைக்கே தோட்டத்துக்குள் ஒரு பாதை போடும் அதிகாரம் இருக்கவில்லை. லயன் வீட்டுக்குத் தனி முகவரி இல்லாத இடங்களில் கடிதங்கள் இன்றும் ஆபீசுக்குத்தான் வருகின்றன. இணைப்புக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் வதிவிடத்தை உறுதிப்படுத்தும் பத்திரம் கேட்கும் கட்டத்தில் என்ன எழுதுவது?

மேல் லயனிலிருந்து இப்போது மாலையில் நான்கு பிள்ளைகள் அக்கா வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். 2,300 கிலோபிட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் காணொளி பார்க்க முடியாது. அதனால் அக்கா இரவில் பாடங்களைத் தரவிறக்கி, ஒரு பென் டிரைவில் போட்டு வைக்கிறார். கிளையை வெட்டக் கொடுத்த கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.