சிறார் அருங்காட்சியகமும் கோடை முகாமும்: ஒருங்கிணைப்பாளர் பணியின் வரலாற்று வேர்கள்

அருங்காட்சியகங்களில் சிறாருக்கென நடத்தப்பெறும் கோடைக்காலப் பகல்முகாம்களை வெறும் விடுமுறைப் பொழுதுபோக்காகக் கருதும் போக்கு உள்ளது. அவற்றை ஒருங்கிணைப்பவரின் பணியும் நிருவாகப் பணியாகவே மதிப்பிடப்படுகிறது. அப்பணி அடிப்படையில் கற்பித்தல் பணி என்பதை அமெரிக்கச் சிறார் அருங்காட்சியகங்களின் தொடக்ககால வரலாறு உணர்த்துகிறது.

1901இல் வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலர் சாமுவேல் லாங்லி சிறாருக்கெனத் தனி அறை அமைத்தார். அங்குக் காட்சிப் பேழைகள் சிறாரின் கண்மட்டத்திற்குத் தாழ்த்தப்பட்டன. இலத்தீன் பெயர்களுக்கு மாற்றாக எளிய ஆங்கிலப் பெயர்கள் இடம்பெற்றன. காட்சிமுறை மாறியது, ஆயினும் சிறார் பார்வையாளராகவே நீடித்தனர்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1899 டிசம்பர் 16 அன்று திறக்கப்பட்ட சிறார் அருங்காட்சியகம் வேறு வழியில் வளர்ந்தது. உயிரியல் கற்பித்தவரான அன்னா பில்லிங்ஸ் கேலப் 1902இல் அங்குப் பணியேற்றார். 1904இல் காப்பாட்சியராகி, 1937 வரை வழிநடத்தினார். பொருள்களைக் கையாண்டு அறிதலும் இயற்கையை நேரில் உற்றுநோக்குதலும் அங்கு முதன்மை பெற்றன. 1913இல் தொடங்கப்பெற்ற பாஸ்டன் சிறார் அருங்காட்சியகத்தின் உருவாக்கத்திலும் அறிவியல் ஆசிரியர்களே முன்னின்றனர்.

இன்றைய முகாம்களில் காணப்பெறும் தொட்டறிதல், களப்பயணம், கைவினைப் பயிற்சி ஆகியன இவ்வாசிரியர் மரபோடு இயைபுடையன. அவற்றுக்குப் பேழையும் பெயர்ப்பலகையும் மட்டும் போதா. பொருளுக்கும் சிறாருக்கும் இடையே நின்று வினாக்களைத் தூண்டும் ஒருவர் தேவை. ஒருங்கிணைப்பாளரைக் கால அட்டவணை வகுக்கும் தற்காலிக ஊழியராகச் சுருக்கும் அருங்காட்சியகம், பேழைகளைத் தாழ்த்தியதோடு நின்ற நிலைக்கே திரும்புகிறது எனலாம்.