ஷம்பேன்: குளிர் நிலத்து ஷார்டனேயும் நிலத்தடியில் வாழ்ந்த நகரமும்

ஷார்டனே என்பது வெள்ளை வைன் தயாரிக்கப் பயன்படும் முந்திரிகை இனம். பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட இது, இன்று உலகின் பல நாடுகளில் பயிராகிறது. வெப்பமான இடங்களில் பழம் விரைவாக முற்றி இனிப்பு கூடும். குளிரான இடங்களில் மெதுவாகப் பழுப்பதால் புளிப்புக் குறையாது. இந்தப் புளிப்பே ஷம்பேன் பிரதேசத்தின் பலம்.

பாரிஸுக்குக் கிழக்கே, ஏறத்தாழ 49 பாகை வட அகலாங்கில் ஷம்பேன் அமைந்துள்ளது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 11 பாகை செல்சியஸ். ஏறத்தாழ 34,000 ஹெக்டேயர் தோட்டங்களில் பத்தில் மூன்று பங்கு ஷார்டனே. எப்பர்னே நகருக்குத் தெற்கேயுள்ள கோட் தே ப்ளான் சரிவுகள் இதற்குப் பெயர்பெற்றவை. கிரமான், அவீஸ், ஒஜே ஆகியவை அங்குள்ள கிராமங்கள். ஷார்டனே முன்கூட்டியே துளிர்ப்பதால், வசந்தகால உறைபனி ஒரே இரவில் விளைச்சலைக் கருக்கிவிடக்கூடும்.

மண்ணுக்கு அடியில் இருப்பது பாடசாலை வெண்கட்டியைப் போன்ற சுண்ணப்பாறை. மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து, வறட்சியில் வேருக்குக் கொடுக்கும். கையால் பறித்த பழங்களின் சாறு முதலில் சாதாரண வைனாக நொதிக்கிறது. பின்னர் சீனியும் மதுவமும் சேர்த்துப் போத்தலில் அடைக்க, உள்ளேயே மீண்டும் நொதித்து வாயு உருவாகிறது. அதன் அமுக்கம் சுமார் ஆறு வளிமண்டலம். குறைந்தது 15 மாதங்கள் நிலவறையில் வைத்த பின்னரே விற்கலாம். ஷார்டனேயில் மட்டும் தயாரிப்பது ‘ப்ளான் தே ப்ளான்’ எனப்படும்.

நிலவறைகளில் நான்கு ஆண்டுகள்

ரைம்ஸ் நகரின் கீழ் பழங்காலத்தில் கல் அகழ்ந்த ஆழமான குழிகள் உள்ளன. வைன் நிறுவனங்கள் அவற்றைக் களஞ்சியங்களாக்கின. முதலாம் உலகப் போரில் அவையே மக்களின் பதுங்குகுழிகளாயின.

1914 செப்டெம்பரில் ஜேர்மன் படை ரைம்ஸை விட்டுப் பின்வாங்கி, அருகிலுள்ள உயரமான இடங்களில் நிலைகொண்டது. செப்டெம்பர் 19 அன்று எறிகணை வீச்சில் பேராலயம் தீப்பற்றியது. நகரில் தங்கியவர்கள் நிலவறைகளில் உறங்கினர், சமைத்தனர், வழிபட்டனர். அந்த டிசெம்பரில் அங்கேயே பாடசாலைகளும் தொடங்கின. ஆண்கள் போர்முனையில் இருக்க, பெண்களும் முதியவர்களும் சிறுவர்களும் எறிகணைகளுக்கிடையே பழம் பறித்தனர். சிலர் தோட்டங்களிலேயே உயிரிழந்தனர். 1914ஆம் ஆண்டின் விளைச்சல் அந்த நூற்றாண்டின் சிறந்தவற்றுள் ஒன்றாகப் பின்னர் மதிக்கப்பட்டது.

1918 மார்ச்சில் எஞ்சிய மக்களும் வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்தபோது நகரின் பெரும்பகுதி இடிபாடாகக் கிடந்தது. குண்டுக்குழிகளும் பதுங்கு அகழிகளும் நிறைந்த தோட்டங்களைத் துப்புரவாக்கி மீண்டும் நட வேண்டியிருந்தது. வேர்களைத் தாக்கும் பிலொக்செரா பூச்சியும் முன்னரே பரவியிருந்ததால், அதைத் தாங்கும் அமெரிக்க அடிக்கட்டையில் ஒட்டிய கன்றுகள் நடப்பட்டன. பேராலயம் 1938இல் மீண்டும் திறக்கப்பட்டது.

1945 மே 7 அன்று ஜேர்மனியின் சரணடைதல் ஒப்பமிடப்பட்டதும் ரைம்ஸில்தான். 1962 ஜூலையில் பிரெஞ்சு ஜனாதிபதி டி கோலும் மேற்கு ஜேர்மன் தலைவர் அடினோவரும் அந்தப் பேராலயத்தில் ஒன்றாக வழிபட்டனர். 2015இல் ஷம்பேனின் சரிவுகளும் நிலவறைகளும் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன.

இன்றைய கவலை வேறு. வெப்பம் கூடுவதால், செப்டெம்பரில் நடந்த அறுவடை சில ஆண்டுகளில் ஓகஸ்டிலேயே தொடங்குகிறது. குளிர் தந்த புளிப்பை எப்படிக் காப்பது என்பதே இப்போது விவசாயிகள் முன்னுள்ள கேள்வி.