பொன்னொளியும் பகலொளியும்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, தெய்வம், மரம், புள் முதலியவற்றைக் கருப்பொருள் என அவற்றின்பின் நிறுத்தியது. அம்மரபில் காவிரிப் படுகையின் வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் எனவும், அதற்குரிய சிறுபொழுது வைகறை எனவும் கொள்ளப்பட்டன. ஆயினும், பாட்டில் முதலிடம் பெற்ற நிலமும் பொழுதும் தஞ்சையின் ஓவியப் பலகையில் அந்த இடத்தைப் பெறவில்லை.

மராட்டியர் ஆட்சியில், சிறப்பாக இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798–1832) செழித்த தஞ்சை ஓவியம், பலகையில் துணி ஒட்டி, சுக்கான்கல் மாவு பூசி, கற்கள் பதித்து, தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லிய பொன் இதழ், வைத்து முடிக்கப்படுவது. பூசையறையின் விளக்கொளியில் சுடர்விடும் அப்பொற்பரப்பில் காலையும் இல்லை, மாலையும் இல்லை; கருப்பொருளாகிய தெய்வமே பலகையை நிறைத்தது.

1792இல் தென்னாட்டில் பயணம் செய்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தாரின் மகன் வில்லியமும் தஞ்சையைத் திறந்தவெளியில் இருந்து வரைந்தனர் என்றாலும், 1798இல் அச்சுப்படமாக வெளிவந்த அக்காட்சியிலும் பெரிய கோயிலே பேசுபொருளாக நின்றது. நிலம் அதற்குப் பின்புலமாயிற்று.

நிலத்தையே பொருளாக்கி, அதைப் பொழுதோடு பிணைத்தவர்கள் பிரெஞ்சு நாட்டின் இம்ப்ரஷனிஸ்டுகள், அதாவது பொருளின் வடிவத்தைவிடக் கண்ணில் படும் கணநேர ஒளியைத் தீட்ட முனைந்தவர்கள். 1841இல் உருவான தகரக் குழாய் எண்ணெய் வண்ணத்தை வெளியே எடுத்துச் செல்ல வழிசெய்ததால், மொனே, ரெனுவார் முதலியோர் 1860களில் பாரிசுக்கு அருகே ஃபோந்தேன்புளோ காட்டில், காடு சார்ந்த நம் முல்லைத் திணையை ஒத்த புதர்வெளிகளிடையே, நேரில் நின்று தீட்டினர். 1890–91இல் மொனே ஒரே வகை வைக்கோற்போரைப் பல்வேறு பொழுதுகளில் வரைந்தபோது, படத்துக்குப் படம் மாறியது போரைவிடப் பொழுதே எனலாம். தமிழ் இலக்கணத்தின் சொல்லால் கூறினால், அது முதற்பொருள் ஓவியம்.

தென்னாட்டிலும் நிலம் இவ்வாறு பொருளாகும் காலம் பின்னர் வந்தது. சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர், தம் தொடக்க காலத்தில் மலபாரின் தென்னைகளையும் கால்வாய்களையும் நீர்வண்ணத்தில் தீட்டியபோது, தெய்வமும் கோயிலும் முன்னிற்காத ஈரநிலம் தென்னாட்டு ஓவியத்தில் தனிப்பொருளாயிற்று.